புகழுரையும் பழியுரையும் கடந்து

திருச்சபைத் தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படும்போது நம்மிடையே இரண்டு வழிகளே பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று, வெள்ளிவிழா மலர்களிலும் நினைவு மலர்களிலும் நாம் காணும் புகழுரை. அதில் குறைக்கு இடமில்லை. மற்றொன்று, அவரால் மனம் புண்பட்டோர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் பழியுரை. அதில் நிறைக்கு இடமில்லை. இவ்விரண்டையும் சரிபாதியாகக் கலந்துவிட்டால் நடுநிலை பிறந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். நடுநிலை அவ்வளவு எளிதில் கிட்டுவதன்று. ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரில் 1917 முதல் 1963 வரை பேராயராக விளங்கிய டேனியல் மேனிக்ஸ் அவர்களின் வாழ்வை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெளிவாகும்.

மேனிக்ஸ் 1864-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துச் சார்லவில் ஊரில் பிறந்தவர். 1903-இல் புகழ்பெற்ற மேனூத் குருமடத்தின் தலைவரானார். 1913-இல் வாரிசுரிமை பெற்ற துணை ஆயராக மெல்போர்ன் வந்து சேர்ந்தார். தம் இல்லத்திலிருந்து பேராலயத்திற்கு நாள்தோறும் நடந்தே சென்று, வழியில் எதிர்ப்பட்ட ஏழைகளுக்குக் காசு வழங்கிய அவரை எளிய மக்கள் தெய்வமாகவே போற்றினர். அதே நகரில் அவரைத் துரோகி என்று தூற்றியோரும் பலர்.

முதல் உலகப் போரின்போது, கட்டாயப் படைச்சேவையைக் கொண்டுவர ஆஸ்திரேலிய அரசு இருமுறை பொதுவாக்கெடுப்பு நடத்தியது. மேனிக்ஸ் அதனை எதிர்த்தார். மக்களும் இருமுறையும் மறுத்துவிட்டனர். ‘எங்கள் பேராயர் வென்றார்’ என்றனர் அன்பர்கள். ‘இவரே நாட்டைக் கவிழ்த்தார்’ என்றனர் பகைவர்கள். ஒருவரையொருவர் மறுத்த இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டனர்: எல்லாம் அவரால் விளைந்தது என்பதே அது.

வரலாற்றாசிரியன் இங்கேதான் எண்களைக் கேட்க வேண்டும். 1916 அக்டோபர் 28-இல் நாடு முழுவதும் எதிர்ப்பு வாக்குகள் 72,476 மிகுதியாயின. ஆனால் மேனிக்ஸ் வாழ்ந்த விக்டோரியா மாநிலமோ அன்று அரசுக்கு ஆதரவாகவே வாக்களித்தது! அப்போது அவர் இன்னும் பேராயர் ஆகவில்லை. இதுபற்றி அவர் மேடையேறியதும் மிகச் சில முறையே. 1917 டிசம்பர் 20-இல்தான், அவர் வெளிப்படையாகக் களமிறங்கிய பின்னர், விக்டோரியா மிகச் சிறிய வேறுபாட்டில் மறுப்புப் பக்கம் சாய்ந்தது. கத்தோலிக்கரோ மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். தொழிற்சங்கத்தாரும் பிறரும் பெருந்திரளாகச் சேராமல் அம்முடிவு வந்திராது. இவ்வாறு எண்ணிப் பார்க்கும்போது புகழும் குறைகிறது, பழியும் குறைகிறது. மனிதர் நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறார்.

எண்களைப் போலவே சொற்களையும் சோதிக்க வேண்டும். 1917 சனவரியில் அவர் அப்போரை ஒரு ‘சாதாரண’ வாணிகப் போர் என்றார். ‘இழிந்த’ வாணிகப் போர் என்று சொன்னதாகவே செய்தி பரவியது. ஓர் அடைமொழி மாறியதால் மகனைப் போர்க்களத்தில் இழந்த எத்தனையோ தாய்மாரின் உள்ளம் கொதித்தது. அதே வேளையில், ‘சாதாரண’ என்ற சொல்லும் அத்தாய்மாரின் காதில் இனிமையாக விழுந்திராது என்பதையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

உடன்பாடில்லாதன போலத் தோன்றும் செய்திகள் அவர் வாழ்வில் பல. மேனூத் தலைவராக 1911-இல் ஆங்கிலேய மன்னர் ஐந்தாம் ஜார்ஜை வரவேற்றவர் அவரே. அயர்லாந்து மொழிக்காக வாதாடி ஆயர்களைக் கடிந்த பேராசிரியர் ஓஹிக்கி 1909-இல் பதவி நீக்கப்பட்டதும் அவர் தலைமைக் காலத்திலேதான். பின்னாளில் அயர்லாந்து விடுதலைக்காக முழங்கியவரும் அவரே. 1920 பத்திரிசியார் விழா ஊர்வலத்தில், துரோகி எனப்பட்ட அவருக்கு, விக்டோரியா சிலுவை விருது பெற்ற பதினான்கு வீரர்கள் குதிரையேறி முன்சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில், தாயகம் நோக்கிச் சென்ற அவரை ஆங்கிலேயப் போர்க்கப்பல் நடுக்கடலில் தடுத்து, தாயார் வாழ்ந்த அயர்லாந்தில் இறங்கவிடாமல், இங்கிலாந்தின் பென்சான்சில் இறக்கிவிட்டது. இவற்றுள் ஏற்றதை மட்டும் பொறுக்கினால் நமக்கு வேண்டிய மேனிக்ஸ் கிடைப்பார். வாழ்ந்த மேனிக்ஸ் கிடைக்கமாட்டார்.

எழுதுவதற்கு மிகக் கடினமான பகுதி 1950-களைச் சேர்ந்தது. தொழிற்சங்கங்களில் பொதுவுடைமையாளர் செல்வாக்கை எதிர்க்கச் சாந்தமரியா நடத்திய இயக்கத்திற்கு மேனிக்ஸ் உறுதுணையாக நின்றார். 1955-இல் தொழிற்கட்சி பிளவுற்றது. கத்தோலிக்கக் குடும்பங்களும் பிளவுற்றன. நெடுங்கால நண்பரான ஆர்தர் கால்வெல் போன்ற கத்தோலிக்கர் கட்சியிலேயே நின்றதால் தம் ஆலயச் சமூகத்திலேயே அந்நியராயினர். சிட்னி கர்தினால் கில்ராய் வேறு வழி சென்றார். 1957-இல் உரோமையும் அவ்வியக்கம் திருச்சபையின் ஆளுகையில் நடத்தப்படலாகாது என்று தீர்ப்பளித்தது. சாந்தமரியாவின் நன்றியையும் கால்வெலின் வேதனையையும் ஒரே செவியால் கேட்கக் கூடியவரே இவ்வதிகாரத்தை எழுதத் தகுதியுடையவர்.

இப்பணிக்குப் பெருந்தடை மேனிக்சே வைத்துச் சென்றார். தம் தனிப்பட்ட தாள்களை எரித்துவிடுமாறு அவர் பணித்தார், அவ்வாறே எரிக்கப்பட்டன. எனவே உள்ளத்தை ஊகிக்க வேண்டிய நிலை. 1984-இல் சாந்தமரியா அன்பரின் கண்கொண்டு எழுதினார். 2012-இல் வெளிவந்த ஜேம்ஸ் கிரிபினின் நூல் கடுமையாக மறுத்து எழுதியது. 2015-இல் பிரெண்டா நியால் இரு கரையினையும் கண்டு எழுதினார். ஒரு நூல் மற்றதைத் திருத்த, உண்மை மெல்ல மெல்ல உருப்பெறுகிறது.

இதனால் திருச்சபைக்கு இழுக்கு வருமோ என்று சிலர் அஞ்சலாம். வத்திக்கான் ஆவணக்காப்பகத்தை ஆய்வாளருக்குத் திறந்துவிட்ட திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், பொய் சொல்லத் துணியாமையும் உண்மை சொல்ல அஞ்சாமையும் வரலாற்றின் முதற்சட்டங்கள் என்ற பழைய நெறியை 1883-இல் நினைவூட்டினார். தாவீதின் பாவத்தை மறைநூல் மறைக்கவில்லை. பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் எழுதி வைத்துள்ளன. அவர்தம் பெருமை அதனால் குன்றிற்றோ?

பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை இறந்தோரையும் காக்கிறது. பழி சொல்லி இறந்தவருக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறலாம். புகழ்ந்து, அவரால் புண்பட்டோருக்கு எதிராகவும் கூறலாம். நம் மறைமாவட்ட ஆயர்களையும் பங்குத்தந்தையரையும் பற்றி எழுதும் நாமும், மலருக்கான பாராட்டுரையைத் தொகுப்பதற்குமுன், அவர்தம் கடிதங்களையும் பங்குக் குறிப்பேடுகளையும் செல்லரிக்காமல் காப்போம். அவரை நேசித்த முதியவரிடமும், அவரோடு மனத்தாங்கல் கொண்டு ஒதுங்கிய முதியவரிடமும் சென்று அமர்ந்து கேட்போம். அவ்விருவரும் உயிரோடிருக்கும்போதே கேட்போம்.