வரி ஏடுகளில் வாழும் முன்னோர்

வேரின்றி மரமில்லை; குடிவழியின்றி மாந்தரில்லை. கடல் கடந்து குடியேறிய மக்களிடம் தம் குடிவழியை அறியும் வேட்கை மிகுதியாகக் காணப்படும். அயர்லாந்து மக்களின் வரலாறு இதற்குச் சிறந்ததொரு சான்றாகும்.

1845ஆம் ஆண்டு அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. அதனால் விளைந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் மூதாதையரின் ஊரைத் தேடுங்கால் பெருந்தடையொன்று குறுக்கே நிற்கின்றது. 1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரப் பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட குடிக்கணக்கு ஏடுகளுள் பெரும்பாலானவை சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலான ஏடுகளை அதற்கு முன்னரே அரசு அழித்துவிட்டது. முழுமையாக எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1901ஆம் ஆண்டுக் கணக்கே.

அவ்வாறாயின், பஞ்சகாலத்து எளிய குடியானவரின் பெயரை எங்கே காண்பது? நாட்டுப்புறத்து வரி ஏடுகளில் காணலாம். 1823க்கும் 1837க்கும் இடையே தசமபாக வரிக்கென ஊர்தோறும் உழவர் பெயர்கள் எழுதப்பட்டன. மக்களுள் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். வரியோ அரசு சார்ந்த வேறொரு திருச்சபைக்குச் சென்றது. அதனால் 1830களில் கலகமே மூண்டது. பின்னர், ரிச்சர்டு கிரிபித் என்பாரின் தலைமையில், 1847 முதல் 1864 வரை, 'கவுண்டி' எனப்படும் மாவட்டந்தோறும் நிலமும் வீடும் மதிப்பிடப்பட்டன. குடியிருந்தவர், நிலக்கிழார், நிலத்தின் அளவு, அதன் மதிப்பு ஆகியன வரிசையாகக் குறிக்கப்பட்டன. ஏழையர் காப்புக்கு வரி விதிப்பதே அதன் நோக்கம்.

ஒரே பெயர் பலர்க்கும் இருந்தமையால், மாவட்டத்தோடு ஊரின் பெயரும் தெரிந்தாலன்றித் தேடல் கைகூடாது. மேலும், இவ்வேடுகளில் நிலத்தையோ வீட்டையோ தம் பெயரில் கொண்டிருந்தோர் மட்டுமே இடம்பெற்றனர். மனைவி மக்களையும், தம் பெயரில் ஏதுமில்லாக் கூலியாட்களையும் அங்குக் காணவியலாது. அவர்களுள் பலரைக் கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே காட்டித் தருகின்றன. அவ்வேடுகள் தலைநகருக்கு அனுப்பப்படாமல் ஊர்க்கோயில்களிலேயே இருந்தமையால் தீக்குத் தப்பின.

அன்று மனம் வெதும்பிச் செலுத்திய வரி, இன்று ஓர் உழவன் வாழ்ந்தான் என்பதற்கு எஞ்சிய ஒரே சான்றாக நிற்பதும் உண்டு. கடல் கடந்த முன்னோரைப் பெற்ற எக்குடியினர்க்கும் இது பாடமாகும். பெட்டியின் அடியில் கிடக்கும் பழஞ்சீட்டு குப்பையன்று. பாட்டன் பிறந்த ஊரின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் மூத்தோர் கடனாகும்.