சாம்பிராணி போன வழி

பள்ளியில் வேதியியல் படித்த எல்லாருக்கும் பென்சீன் தெரியும். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் அறுகோணம். பரீட்சைக்காக அதை வரைந்து வரைந்தே கை ஓய்ந்திருக்கும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நமக்கு எதிர்க்கரையான சுமத்ராவிலிருந்து போன பெயர் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் போடுகிறோமே சாம்பிராணி, அதிலிருந்து போனது.

கடையில் சாம்பிராணி என்று கேட்டால் பலவகைப் பிசின்களைத் தருவார்கள். நான் சொல்வது மலாய்க்காரர்கள் கெமென்யான் என்று அழைக்கும் ஸ்டைராக்ஸ் மரத்துப் பிசினை. வடசுமத்ராவின் தாபானுலி மலைகளில் பாத்தாக் மக்கள் அதை ஹமின்ஜோன் என்கிறார்கள். ரப்பர் மரம் சீவிய குடும்பங்களுக்கு இந்தத் தொழில் பாதி புரியும். ஆனால் ரப்பரில் பால் முன்பே பட்டைக்குள் இருக்கிறது. இந்த மரத்திலோ காயம் பட்டால்தான் பிசினே உண்டாகும். பட்டையைக் கீறிவிட்டு, அது கசிந்து இறுகும்வரை சில மாதங்கள் காத்திருந்து, மறுபடி மரமேறிச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அரபு வணிகர்கள் குந்திரிக்கத்தை ‘லுபான்’ என்பார்கள். சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே அழைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் சமுத்ரா பாசாய்க்கு வந்த இபின் பதூதாவும் அப்படித்தான் குறிப்பிட்டார். ஆகவே இந்தப் பிசின் ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவாக் குந்திரிக்கம். ஐரோப்பியக் கரையில் அந்த முதல் அசை, பெயருக்கு முன்னால் வழக்கமாக ஒட்டும் ‘லோ’ போலக் கேட்டதால் அதை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது ‘பென்ஜுயி’. அதுவே பிறகு ‘பென்சாயின்’ ஆனது.

பென்சாயினைச் சூடாக்கி, எழும் புகையைக் குளிர்ந்த மூடியில் பிடித்தால் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் படியும். 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதுதான் பென்சாயிக் அமிலம். சில்லி சாஸ் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் இதனுடைய உப்பு. 1833இல் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்ஷர்லிஷ் இந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்தார். கிடைத்த திரவத்துக்கு ‘பென்சின்’ என்று பெயர் வைத்தார். அதே திரவத்தை மைக்கேல் ஃபாரடே 1825இலேயே வேறு வழியில் பிரித்தெடுத்து வேறு பெயர் வைத்திருந்தார். நிலைத்தது என்னவோ சாம்பிராணியின் பெயர்தான்.

மையின் கதை இங்கே வந்து சேர்கிறது. மாசிக்காயையும் அன்னபேதியையும் ஊறவைத்துச் செய்த மைதான் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய ஆவணங்களை எழுதியது. எழுதும்போது வெளிறி இருக்கும். காற்றுப் பட்டால் கறுக்கும். 1845இல் ஹாஃப்மன் நிலக்கரித் தாரில் பென்சீன் இருப்பதைக் காட்டினார். பென்சீனை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்து, அடுத்த படியில் ஆக்சிஜனை நீக்கி ஹைட்ரஜனைச் சேர்த்தால் அனிலின் கிடைக்கும். இந்தப் பெயரும் கிழக்கிலிருந்து போன சரக்குதான். அனிலினை முதலில் அவுரிச் சாயத்திலிருந்து எடுத்தார்கள். ‘நீல’ என்ற சமஸ்கிருதச் சொல் அரபு வழியாகப் போர்ச்சுகீசியத்துக்குப் போய் அவுரியைக் குறிக்கும் ‘அனில்’ ஆனது. 1856இல் 18 வயது வில்லியம் பெர்கின் கொய்னா செய்யப் போய், அனிலினிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அந்த வரிசையில் பின்னால் வந்தது மெத்தில் வயலட். ஆபீஸில் ‘சாப்பு’ குத்தும் ஊதா மை, எச்சில் தொட்டு எழுதிய காப்பியிங் பென்சில் எல்லாம் அதன் வேலை.

அதற்குப் பிறகு வேதியியலுக்கு அந்த மரம் தேவைப்படவில்லை. பென்சாயிக் அமிலத்தையே இன்று பெட்ரோலியத்திலிருந்து வரும் டொலுவீனைக் கொண்டுதான் தயாரிக்கிறார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கடல்வழியைப் பற்றித் தமிழில் எழுதும்போது நாம் பெரும்பாலும் பாருஸ் கல்வெட்டோடு நின்றுவிடுகிறோம். சுமத்ராவின் மேற்குக் கரையில் லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, கப்பலில் வருபவர்கள் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தைத் தமிழில் பொறித்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய கல்தான், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அது வணிகர்கள் நட்ட கல். கற்பூரத்தையும் சாம்பிராணியையும் காட்டிலிருந்து பாருஸுக்குச் சுமந்து வந்தவர்களுக்குக் கல் கிடையாது. ‘நம்மாளுங்க அப்பவே இங்க வந்துட்டாங்க’ என்று சொல்லும்போது, நாம் வருவதற்கு முன்பே இங்கே மரமேறிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர்களுடைய வாரிசுகள் இன்றும் மரமேறுகிறார்கள். தாபானுலி மலைப்பகுதியில் பண்டுமான், சிபிதுஹுதா என்று இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிசின் எடுத்துவந்த காடு, காகிதக்கூழ்த் தொழிலுக்கான குத்தகை நிலத்துக்குள் அகப்பட்டது. 2009இல் அங்கே சாம்பிராணி மரங்களை வெட்டி யூகலிப்டஸ் நடத் தொடங்கியபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். மைக்கு வந்த வேதியியலுக்குப் பெயர் கொடுத்த மரத்தைக் காகிதத்துக்காக வெட்டினார்கள். 2016 டிசம்பரில் இந்தோனேசிய அரசு அந்தக் காட்டைக் குத்தகையிலிருந்து பிரித்து ஊராருக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்கு ஏழு வருடப் போராட்டம் தேவைப்பட்டது.