புகையிலைப் பொட்டலமும் பொருட்காட்சிச் சாலையும்

அமெரிக்க தேசத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், சிகரெட் பொட்டலம் நசுங்காதிருக்கும் பொருட்டு உள்ளே செருகப்பட்ட சிறு அட்டைகளில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை அச்சிட்டு, வாடிக்கைக்காரர்கள் மீண்டும் மீண்டும் தம் சரக்கையே நாடுமாறு செய்தார்கள் புகையிலை வியாபாரிகள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில், பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் அட்டை மட்டும் மிகச் சொற்பமாகவே வெளிவந்து நின்றுபோயிற்று. சிறுவர்கள் சிகரெட் வாங்கத் தம் படம் தூண்டுகோலாவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர், தக்க பணம் கிடைக்காததே காரணம் என்று வாதிப்போரும் உளர். 2022-இல் அவ்வட்டை ஒன்று 72 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

அந்த விலையினும் விசேஷமானது ஜெபர்சன் பர்டிக்கின் சரித்திரம். நியூயார்க் மாகாணத்துச் சிரக்யூஸ் நகரில் தொழிற்சாலை ஊழியராக ஜீவனம் நடத்திய அவர், மூட்டுவாதத்தின் கொடிய வேதனைக்கிடையிலும், பிறர் குப்பையென வீசிய அட்டைகளைச் சேகரித்து, வகைப்படுத்தி, அடையாள எண் கொடுத்து அட்டவணை தயாரித்தார்; வாக்னர் இடம்பெற்ற வரிசையை இன்றளவும் டி206 என்று அழைப்பது அவர் இட்ட எண்ணாலேயே. 3 லட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப் பொருள்கள் அடங்கிய தம் சேகரத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குத் தானமாக வழங்கியதோடு, வருஷக்கணக்கில் அங்கே அமர்ந்து, நோயுற்ற கரங்களாலேயே அவற்றை ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் பணியைப் பூர்த்தி செய்து, இரண்டு மாதங்களில் காலமானார். ஏலத்தில் தனவந்தர்கள் கொட்டும் பொருளைக் காட்டிலும், இந்தத் தொழிலாளியின் உழைப்பே அட்டை சேகரிக்கும் கலைக்கு அஸ்திவாரம் என்று துணிந்து கூறலாம்.