டால்பின், திமிங்கிலக் காட்சிக்குளங்கள்: இயற்கையை ஒத்த வடிவமைப்பின் வரலாறு

பிடித்து வளர்க்கப்படும் டால்பின்களையும் சிறு திமிங்கிலங்களையும் கடற்கரையின் சாயல் கொண்ட குளங்களில் வைத்துக் காட்டும் முறை. செயற்கைப் பாறை, வளைந்து செல்லும் கரை, இடத்துக்கு இடம் மாறும் ஆழம், நீருக்கடியே பார்க்கக் கண்ணாடிச் சுவர் ஆகியவை இதன் உறுப்புகள். வட அமெரிக்காவில் 1980களில் வேரூன்றிப் பிற நாடுகளுக்குப் பரவியது. இந்த 'இயற்கை' பார்வையாளருக்காகக் கட்டப்பட்டதா, விலங்குக்காகவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

தொடக்கத்தில் வாழிடம் என்ற எண்ணமே இல்லை. 1861இல் காட்சித் தொழிலதிபர் பி. டி. பார்னம், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் பகுதியில் பிடிபட்ட பெலூகா என்னும் வெண்திமிங்கிலங்களை நியூயார்க்கில் இருந்த தமது அருங்காட்சியகத்தின் நிலவறைத் தொட்டியில் விட்டார். அவை சில நாட்களிலேயே இறந்தன. வேறு சில கொண்டுவரப்பட்டன. 1865இல் கட்டடம் தீப்பிடித்தபோது தொட்டியில் இருந்தவையும் மாண்டன.

கடலை ஒத்த குளம் முதலில் திரைப்படக் கேமராவுக்காகத்தான் கட்டப்பட்டது. 1938 ஜூனில் ஃபுளோரிடாவில், செயின்ட் அகஸ்டினுக்குத் தெற்கே, மரீன் ஸ்டுடியோஸ் திறக்கப்பட்டது. பின்னாளில் மரீன்லேண்ட் எனப் பெயர் பெற்றது. நிறுவனர்களுள் ஒருவரான இலியா டால்ஸ்டாய், எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் பேரன். நீருக்கடிக் காட்சிகளைப் படமெடுக்க வசதியாகச் சுவர் நெடுகச் சாளரங்கள் வைத்தார்கள். சுறா, திருக்கை, கடலாமை, மீன் கூட்டங்களுடன் டால்பின்களும் ஒரே நீரில் நீந்தின. பிற்காலத்தின் எத்தனையோ 'இயற்கை' குளங்களில் காணக் கிடைக்காத கலப்பு இது. அங்கே பொறுப்பாளராக இருந்த ஆர்தர் மெக்பிரைட், கலங்கிய நீரிலும் இருட்டிலும் டால்பின்கள் வலையை உணர்ந்து விலகுவதைக் கவனித்து, எதிரொலியைக் கொண்டு இடமறிகின்றன என்று 1947இல் ஊகித்து எழுதிவைத்தார். அவர் மறைந்த பின், 1956இல்தான் அக்குறிப்பு அச்சேறியது. கேமராவுக்காக எழுந்த நிலையத்தில் பணியாற்றியவர், இந்த விலங்கின் உலகில் காதே முதன்மையானது என்று கண்டுகொண்டார். வடிவமைப்பாளர்கள் அதைக் கணக்கில் எடுக்க வெகுகாலம் ஆயிற்று.

காரணம் வணிகம். 1950களில் வித்தைக் காட்சி கூட்டத்தை இழுத்தது. குளம் அரங்கமாக மாறியது. 1964இல் தொடங்கிய சான் டியேகோ சீவேர்ல்டு போன்ற பூங்காக்கள் பரப்பிய வடிவம், நீலம் பூசிய வழவழப்பான கான்கிரீட் கிண்ணமும் அதைச் சுற்றிய படிவரிசையும். தேய்த்துக் கழுவ எளிது. நோயுற்ற விலங்கைப் பிடிப்பதும் எளிது. நீரைத் தெளிவாக வைக்கக் குளோரின் கலந்த இடங்களில் மீனும் கடற்பாசியும் வாழ வழியில்லாமல் போயிற்று. 1972இல் இயற்றப்பட்ட கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவில் விதிகள் இறுகின. ஆனாலும் குளத்தின் அகலம் விலங்கின் சராசரி நீளத்தைப் போல் இரு மடங்கும், ஆழம் அந்த நீளத்தில் பாதியும் இருந்தால் போதும் என்பதே அளவுகோல். கொலைத் திமிங்கிலம் எனப்படும் ஓர்க்காவுக்கு இது ஏறத்தாழ 15 மீட்டர் அகலமும் 4 மீட்டருக்கும் குறைந்த ஆழமும் ஆகிறது. தரைவிலங்குக்கான கூண்டைத் தண்ணீரால் நிரப்பியவர்களின் கணக்கு என்றே சொல்ல வேண்டும்.

மாற்றம் தரையிலிருந்து வந்தது. கம்பிக்குப் பதில் அகழியும் பாறையும் கொண்டு விலங்குகளைக் காட்டும் முறையை 1907இல் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் தொடங்கியிருந்தார். 1970களின் இறுதியில் சியாட்டில் உட்லண்ட் பார்க் விலங்குக்காட்சியகத்தில் பார்வையாளரையே காட்டுக்குள் நிறுத்தும் பாணி உருவானது. 1986இல் வான்கூவர் காட்சியகம் ஓர்க்காக்களுக்காகப் பாறைக் கரையுடன் புதிய குளத்தைத் திறந்து, வித்தைக் காட்சியையும் கைவிட்டது. 1991இல் சிகாகோ ஷெட் காட்சியகத்தின் ஓஷனேரியம், பசிபிக் வடமேற்குக் கரையை மிச்சிகன் ஏரிக்கரையில் எழுப்பியது. குளத்தின் நீர்மட்டம் பெருங்கண்ணாடிக்கு அப்பால் தெரியும் ஏரியோடு கலப்பதுபோல் தோன்றும். கட்டடக்கலையாகப் பார்த்தால் இந்தப் பாணியின் உச்சம் இதுதான். ஆனால் அந்த மயக்கம் முழுவதும் படியில் அமர்ந்திருப்பவருக்கே. வான்கூவரிலோ, பியோசா என்ற ஓர்க்கா ஈன்ற மூன்று கன்றுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை; 2001இல் பியோசாவே சான் டியேகோவுக்கு அனுப்பப்பட்டது.

பாறை முற்றிலும் பயனற்றது என்று சொல்ல முடியாது. ஒழுங்கற்ற பரப்பு ஒலியைச் சிதறடிக்கும். வளைவும் தடுப்பும் சண்டையில் தோற்ற விலங்கு ஒதுங்க இடம் தரும். எனினும், 2021இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பில், குளத்தின் வடிவத்தையும் அளவையும்விடப் பராமரிப்பு முறையும் அன்றாட நடவடிக்கைகளில் மாற்றம் தருவதுமே பல நலக்குறியீடுகளுடன் நெருங்கிய தொடர்பு காட்டின. குளம் கட்டுவோருக்கு இது உவப்பான முடிவாக இருந்திருக்காது.

2014இல் சீவேர்ல்டு, 15 மீட்டர் ஆழமும் செயற்கை நீரோட்டமும் கொண்ட 'புளூ வேர்ல்டு' குளத்தை அறிவித்தது. ஓர்க்காக்களின் சிறைவாழ்வைச் சாடிய 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் வெளிவந்திருந்தது. இனப்பெருக்கம் கூடாது என்ற நிபந்தனையோடு கலிஃபோர்னியக் கடற்கரை ஆணையம் 2015இல் அனுமதி தந்தது. மறு ஆண்டு நிறுவனமே இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது; குளம் கட்டப்படவில்லை. இந்தியாவில் 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே பல்கேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட டால்பின்கள் சில மாதங்களில் இறந்தன. 2013இல் இந்திய அரசு டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்தது. கனடா 2019இல் இவற்றைத் தடைசெய்யச் சட்டமே இயற்றியது.

இப்போது வடிவமைப்பாளர்களின் கவனம் வலையடைத்த கடல் விரிகுடாக்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. படத்தில் நடித்துப் புகழ்பெற்ற ஓர்க்கா கெய்கோவுக்காக 1998இல் ஐஸ்லாந்தின் கிளெட்ஸ்விக் விரிகுடாவில் அடைப்பு அமைத்தார்கள். 2019இல் ஷாங்காய் காட்சியகத்திலிருந்து இரண்டு பெலூகாக்கள் அதே விரிகுடாவில் அமைந்த சரணாலயத்துக்கு வந்தன. அலை, குளிர், கடற்பாசி, மீன், ஒலி எல்லாம் அங்கே உண்மையானவை. ஆனால் குளத்தில் வளர்ந்த அவ்விரண்டையும் ஒரேயடியாக அங்கே விட முடியவில்லை. 2020 ஆகஸ்டில் விரிகுடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவை, குளிர்காலத்துக்காக மீண்டும் கரையில் உள்ள உள்ளரங்கக் குளத்துக்கே மாற்றப்பட்டன.