பந்தலில் நின்ற பெண்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. முதன்மைச் சாலையிலிருந்து சற்று விலகி நடந்தால், ஒற்றைப் பாறையின் முகத்தைக் குடைந்து மகேந்திரவர்மன் செய்வித்த கோயிலைக் காணலாம். வெளியே இரண்டு வாயிற்காவலர்கள். உள்ளே பின்சுவரில் மூன்று வெற்று அறைகள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இன்றி பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இதை ஆக்கினான் என்பது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் சாரம். ஆண்டுதோறும் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். தமிழகத்துக் கல் கோயில்களின் வரலாறு தொடங்கும் இடங்களுள் ஒன்று என்று சொல்லி, மூன்று தெய்வங்களை ஒரே கூரையின் கீழ் வைத்த அதே அரசன்தான் 'மத்தவிலாசப் பிரகசன'த்தில் காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் ஒருசேரக் கேலி செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள். அதன் பிறகு செஞ்சிக் கோட்டை, கட்டுச்சோறு, மாலையில் ஊர் திரும்புதல்.

சென்ற முறை இந்த ஒழுங்கு குலைந்தது. கோட்டைக்குள் சாதத்துல்லாகான் பள்ளிவாசலின் முன் நின்று, தேசிங்கை வென்ற நவாபின் பெயரால் 1717-18இல் எழுந்தது இது என்றும், தேசிங்கின் தோழன் மகபத்கானின் பெயரிலும் இங்கே ஒரு பள்ளிவாசல் உண்டு என்றும் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, நவாபும் முஸ்லிம், மகபத்கானும் முஸ்லிம். அப்புறம் எப்படி ஐயா அவர் ராஜா பக்கம் நின்றார்?"

அவன் குரலில் குதர்க்கம் இல்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. என்னைக் கலங்கச் செய்தது அதுதான். என் பாட்டியின் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் இந்தக் கேள்வி எழுந்திருக்க முடியாது. அவளுக்கும் இந்தக் கதையில் ஒரு கேள்வி இருந்தது. அது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் வரலாறு. சத்திரபதி இராசாராம் அடைக்கலம் புகுந்திருந்த செஞ்சியை, ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயப் படை பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் புந்தேல ராசபுத்திரனான சொரூப்சிங்கை அவுரங்கசீப் இங்கே கோட்டைத் தலைவனாக அமர்த்தினார். ஆக, தேசிங்கின் குடும்பமே முகலாய ஊழியத்தில் தெற்கே வந்த குடும்பம். 1714இல் சொரூப்சிங் இறக்க, மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தேஜ்சிங்தான் நம் வாயில் தேசிங்கு ஆனான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் இரண்டு குறைகளை முன்வைத்தார். தந்தை செலுத்தாமல் விட்ட பாக்கி எழுபது இலட்சம் என்பது ஒன்று. அவுரங்கசீப் கொடுத்த ஆணையை அவருக்குப் பின்வந்த பேரரசர் புதுப்பிக்கவில்லை என்பது மற்றொன்று. சுருங்கச் சொன்னால், வரி பாக்கியும் காலாவதியான காகிதமும். இன்றைய வட்டாட்சியர் அலுவலகத்து வழக்குகளிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

தேசிங்கு பணியவில்லை. 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் செஞ்சிக்கு அருகே கடலி என்னும் ஊரின் பக்கம் போர் நடந்தது. அவனிடம் 350 குதிரை வீரர்களும் 500 காலாட்களும். நவாபிடம் 8,000 குதிரைகளும் 10,000 காலாட்களும் என்று எண்ணிக்கை சொல்லப்படுகிறது. போர் அன்றே முடிந்துபோயிற்று. தேசிங்குக்கு இருபத்திரண்டு வயது. செஞ்சியை அவன் ஆண்ட காலத்தை மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். செஞ்சி வரலாற்றை விரிவாக எழுதிய சி.எஸ். சீனிவாசாச்சாரியின் நூல் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பல நூற்றாண்டுகளைப் பேசும் அந்நூலில் தேசிங்கு ஓர் அத்தியாயத்துக்குரியவன்தான்.

அரசியல் கணக்கில் இவ்வளவு சிறிய நிகழ்ச்சியை வட தமிழகம் ஏன் முந்நூறு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறது? நாயக்கர் மூன்று தலைமுறைக்கு மேல் செஞ்சியை ஆண்டார்கள். களஞ்சியங்களும் கல்யாண மகாலும் அவர்கள் காலத்தவை. அவர்களுள் ஒருவரைப் பற்றியும் எங்கள் ஊரில் யாரும் பாடி நான் கேட்டதில்லை.

பாட்டில் தேசிங்கு வேறொருவன். தில்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத பாராசாரி என்னும் குதிரை இருக்கிறது. அடக்க இயலாத தந்தை சிறைப்பட, பிள்ளைப் பருவத்தில் இருக்கும் தேசிங்கு சென்று குதிரையை அடக்கித் தந்தையை மீட்கிறான். குதிரையும் பெண்ணும் பரிசாகக் கிடைக்கின்றன. கதைக்கு இத்தகைய அடுக்குகள் பல. ஆனால் அதன் முதுகெலும்பு மகபத்கான்தான். பாட்டில் அவன் பெயர் மோவுத்துக்காரன் என்று வரும். வழுதாவூரில் அவனுக்குத் திருமணம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேளையில் தேசிங்கின் ஓலை வருகிறது. மணக்கோலத்தைக் களைந்து எறிந்துவிட்டு நீலவேணி என்னும் தன் குதிரைமீது ஏறிச் செஞ்சிக்கு வந்துவிடுகிறான். வந்தவன் திரும்பவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது ஆடி மாதத்துக் கூத்தில் இந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சல், முகவீணை, மிருதங்கம். ஓலை வந்ததும் மகபத்கான் வேடக்காரர் கழுத்து மாலையைக் கழற்றிச் சபையின் நடுவே வீசுவார். அது வழக்கமாக எங்கள் ஊர் சைக்கிள் கடை பாயின் காலடியில்தான் போய் விழும். முன்வரிசை அவருக்கு நிலையான இடம். மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பத்து ரூபாய்த்தாளை நீட்டுவார். கட்டியங்காரன் உடனே அவர் பெயரைச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டு மொய் வந்துவிட்டது என்று கூவுவான். ஊர் சிரிக்கும். அழுதுகொண்டே சிரிக்கும். தேசிங்கு சாகும் இடத்தில்கூட அவ்வளவு அழுகை எழுந்து நான் கண்டதில்லை.

மாணவனின் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை ஆசிரியர்த்தனமானது. மகபத்கான் தேசிங்கின் படைத்தலைவன், உப்பிட்டவர் பக்கம் நிற்பது அக்கால வீரரின் அறம், மதம் அங்கே அளவுகோலன்று என்றேன். நவாபின் பக்கமும் இந்துக்கள் இருந்தார்கள் என்றேன். வரி கேட்டு நெருக்குபவனாகக் கதையில் பெயர் உருத்திரிந்து வரும் பாத்திரம், வரலாற்றில் நவாபின் அதிகாரியாக இருந்த லாலா தோடர்மல் என்று கருதப்படுகிறது. போர்க்காலத்தில் உடையார்பாளையத்துக் காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட காஞ்சி வரதராசப் பெருமாளை 1710இல் திரும்பக் காஞ்சிக்கு எழுந்தருளச் செய்ய உதவியவர் அந்தத் தோடர்மல். காஞ்சிக் கோயிலில் கல்வெட்டு உண்டு. திருப்பதிக் கோயிலில் அவரும் தாயும் மனைவியும் கைகூப்பி நிற்கும் சிலைகள் உண்டு. பெருமாளை மீட்டுவந்தவர் நவாபுக்காக வரி கேட்கிறார். சிங்கவரத்து அரங்கநாதரை வணங்கும் தேசிங்குக்காக ஒரு முஸ்லிம் உயிரைக் கொடுக்கிறான். இந்தக் களத்தை இரு மதங்களின் களமாக்க விரும்புபவர் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் இடறி விழுவார்.

விடை சரிதான். ஆயினும் திரும்பும் வழியில் பேருந்தில் அமர்ந்து யோசித்தபோது அது போதவில்லை. ஊழிய அறம் என்பது வரலாற்றுக்குப் போதும். பாட்டு அதைச் சொல்லவில்லை. ஊழியம்தான் காரணமெனில் பாடியவர்களுக்குத் திருமணப் பந்தல் எதற்கு? ஓலை ஒரு சாதாரண நாளில் வந்திருக்கலாமே. ஒருவன் தன் வாழ்வில் யாரும் குறை சொல்ல மாட்டாத ஒரே காரணத்தைக் கையில் வைத்திருக்கும் நாளாகப் பார்த்து ஓலை வருமாறு பாட்டு அமைத்திருக்கிறது. மணநாளில் வர இயலாது என்று அவன் சொல்லியிருந்தால் தேசிங்கேகூட ஒத்துக்கொண்டிருப்பான். கூப்பிட்டவனுக்கு வெற்றி இல்லை என்பதும் ஊரறிந்த செய்தி. சிங்கவரத்தில் கிடந்த கோலத்தில் இருக்கும் அரங்கநாதரே, போருக்கு விடை கேட்ட தேசிங்கைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். தெய்வம் முகம் திருப்பிய இடத்துக்குத் தோழன் வருகிறான். எளிய மக்களின் கதைக்குள் இவ்வளவு துணிவான ஒரு நிகழ்ச்சியை, தெய்வத்தையும் நோகாமல், வைத்த பாடகன் யாரோ. காவியப் புலவர்கள் பலரைவிட அவனை நான் மேலாக மதிக்கிறேன்.

இதன் அருமை, பிற்காலத்தார் கதையைக் கையாண்ட விதத்தைப் பார்த்தால் விளங்கும். 'ராஜா தேசிங்கு' திரைப்படம் 1960இல் வந்தது. அதில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம்: தேசிங்கு ஒருவன், தாவூத்கான் மற்றொருவன், இருவரும் ஒரு தந்தையின் மக்கள். நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்துவும் முஸ்லிமும் ஒருவருக்காக ஒருவர் உருக வேண்டுமெனில் அவர்களுக்குள் இரத்த உறவு இருந்தாக வேண்டும் என்று திரைக்கதைக்குத் தோன்றியிருக்கிறது. பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. 'பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை' என்று இரத்தின நாயகர் கடை போன்றவை அச்சிட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற மலிவுப் பதிப்புகளுக்கும் தேவைப்படவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்ட புத்தகங்கள் அவை. நம் இலக்கிய வரலாறுகள் அவற்றுக்கு ஒரு பத்தி கொடுத்தாலே அதிகம்.

பாட்டைப் புகழ்வதோடு நிறுத்தினால் நேர்மையாகாது. இந்தக் கதையின் கருணைக்கு ஓர் எல்லை உண்டு. போருக்குப் புறப்படும் தேசிங்கு இராணிபாயிடம் விடைபெறும்போது இருவருக்கும் நடுவில் திரை. கூத்தில் இரண்டு பேர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் வெற்றிலையோடு நீளும். கணவன் முகத்தைச் சரியாகப் பாராதவள் மறுநாள் அவன் சிதையில் ஏறுகிறாள். தன் எதிரியின் மனைவியை எண்ணி நவாப் உருகினார், பாலாற்றங்கரையில் அவள் நினைவாக இராணிப்பேட்டையை ஏற்படுத்தினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 2019 முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகர். ஒரு பெண்ணின் சாவு ஊர்ப்பெயராகி மாவட்டப் பெயராகிவிட்டது. சாவாமல் இருந்திருந்தால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பாட்டும் கேட்கவில்லை, நவாபும் கேட்டதாகத் தெரியவில்லை. தோழர்கள் இருவரும் களத்தில் மாண்டபின், வாளை மேலே எறிந்து மார்பில் ஏந்தித் தேசிங்கு உயிர்விட்டான் என்று பாட்டு அவனுக்குப் பெருஞ்சாவு ஒன்றைப் படைத்துக் கொடுக்கிறது. ஆண்களின் அன்புக்குப் பாட்டில் அவ்வளவு இடம்.

என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவள். கூத்து முடிந்து விடியற்காலையில் வயல் வரப்பில் நடந்து வரும்போது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றையே கேட்பாள்: "மாலைய கழட்டி வீசிட்டு இவன் பாட்டுக்குக் குதிர ஏறிட்டான். அந்தப் பொண்ணு இன்னா ஆயிருக்கும்?" தாத்தா, கதைக்குக் கால் உண்டா என்று சலித்துக்கொள்வார். சைக்கிள் கடை பாயின் மனைவி கூடவே நடந்து வருவார். ஓராண்டு அவர் சொன்னார்: "எங்க வழக்கத்துல மறுகல்யாணம் உண்டுக்கா. பண்ணியிருப்பாங்க." பாட்டி நின்று திரும்பிப் பார்த்தாள். "பண்ணியிருப்பாங்களா?" என்றாள். "பண்ணியிருப்பாங்கக்கா." அன்று வீடு வரும்வரை பாட்டி வேறொன்றும் பேசவில்லை. அதற்கடுத்த ஆண்டு கூத்தில் அதே இடத்தில் பாட்டி அழுதாள். பாய் மனைவியும் அழுதார்.

மாணவனுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியதால், இரண்டு வாரம் கழித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்து நீலாம்பூண்டிக்குப் போனேன். எட்டுப் பேர் வந்தார்கள். கேள்வி கேட்டவனும் வந்திருந்தான். கடலிக்கு அருகில் உள்ள ஊர் அது. மகபத்கானுடையதும் குதிரையினுடையதும் என்று ஊரார் காட்டும் சமாதிகள் அங்கே உள்ளன. செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது. அந்தப் பரபரப்பு எதுவும் இங்கே எட்டவில்லை. வெயில்; சற்றுத் தள்ளி நாலைந்து ஆடுகள்; வேப்ப மரத்தடியில் ஆடு மேய்க்கும் மூதாட்டி.

மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்டார்கள். ஓலை வந்தது, மாலையைக் கழற்றியது, குதிரை ஏறியது எல்லாவற்றையும் அவர் நேற்று நடந்ததைப்போல் சொன்னார். மணமகனைக் குறிப்பிட்டபோதெல்லாம் "எங்க பாய்" என்றே சொன்னார். கேள்வி கேட்ட அந்த மாணவன், என்னைத் திரும்பிப் பாராமல், அவரிடம் கேட்டான்: "ஆயா, அந்தக் கல்யாணப் பொண்ணு என்ன ஆச்சு?"

மூதாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "அத்த ஒருத்தனும் கேக்கமாட்டானே, நீ கேக்கறியேப்பா" என்றார். ஓர் ஆடு வரப்பில் இறங்கிப் பயிரை நோக்கிப் போயிற்று. கோலை ஊன்றி எழுந்து அதன் பின்னே போனார்.