உப்புக் கணக்கிலிருந்து நாடகப் பாட்டுக்கு: சங்கரதாஸ் சுவாமிகள் என்னும் குரல் வாத்தியார்

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் புதுச்சேரிக்குள் நுழையும் இடத்தில் கருவடிக்குப்பம் வரும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கிறது. அவர் பிறந்தது தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில், 1867இல். இளமையில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் சில காலம் கணக்கு எழுதினார். தென்கோடி உப்புக் கரையில் பிழைப்பைத் தொடங்கியவர் இந்த வடகரை உப்பு நிலத்துக்கு அருகே அடங்கியிருக்கிறார். நாடக ஆசிரியர் என்றே அவரை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. அதைவிடப் பெரியது அவர் குரல் பயிற்றிய பணி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரக்காணம் பாட்டுக்குப் புதிய ஊரல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சீறியாழ்ப் பாணர் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடி நடந்த வழியில் இக்கரை இருந்தது. பிற்காலத்தில் இந்த வட்டாரம் தெருக்கூத்தின் நிலமாயிற்று. திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கூத்தாடி ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பப் பாடுவர். அந்த இடைவெளியில் அவனுக்கு மூச்சு கிடைக்கும், கால் அடவுக்குத் திரும்பும். குரலின் பாரம் இப்படிப் பலர் தோளில் பகிரப்பட்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்சி நாடகக் குழுக்களின் பாணி தமிழ்நாட்டுக்குள் வந்தது. திரைச்சீலை, பக்கத் தட்டிகள், ஹார்மோனியம், இந்துஸ்தானி மெட்டு எல்லாம் அதோடு வந்தன. கூத்தைவிடக் கூடுதலான பாட்டைத் தனியாளாகவே தாங்க வேண்டிய நிலை நடிகனுக்கு வந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் சொல் புரிய வேண்டும், இராகமும் கெடக்கூடாது. இதற்கான பயிற்சியை எங்கே பெறுவது?

1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்த பயில்முறை நடிகர்களின் சபை அது. அதே ஆண்டில்தான் இருபத்துநான்கு வயதுச் சங்கரதாஸ் உப்புக் கணக்கை விட்டுத் தொழில்முறை மேடைக்கு வந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற யாப்பும் சந்தமும் ஏற்கனவே கையிருப்பில் இருந்தன. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று அதட்டும் குரல் வேண்டிய வேடங்களே அவருக்கு அமைந்தன. சனீஸ்வரன் வேடம் கலைக்காமல் விடியலில் அவர் குளத்துக்குப் போனதாகவும், கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு மிரண்டு தீங்குற்றதாகவும், அதோடு அவர் அரிதாரத்தைத் துறந்ததாகவும் நாடக உலகில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, வேடம் விட்டவர் வாத்தியாரானார் என்பது உறுதி.

புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளை அவரை மகன்போல் வைத்துக்கொண்டார். சுவாமிகளின் பாடல்களில் லயக் கட்டு இறுகியிருப்பதற்கு இந்த உறவையே காரணமாகக் கருதுகிறேன். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களைப் பாட்டுப் பாடமாகவே வாசிக்கலாம். விருத்தத்தில் தாளம் இல்லை, மூச்சும் இராக விரிவும் பழகும். சந்தப் பாட்டில் நாக்கு பழகும். இரு பாத்திரங்கள் மாறி மாறிப் பாடும் தர்க்கத்தில் எதிராளியின் சுருதியைக் காதில் வாங்கி உடனே எடுக்கும் திறம் வரும். அடுத்து வசனம் வந்து தொண்டைக்குச் சற்று ஓய்வு தருகிறது. தொண்டையின் வரம்பை அறிந்த ஒருவரே இப்படி அடுக்கியிருக்க முடியும்.

வளர்ந்த நடிகர்கள் பாடத்துக்குக் கட்டுப்படாமல் தோன்றியதைப் பேசியது அவரைப் பிள்ளைகளிடம் திருப்பியது. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை எழுந்தது. எஸ். ஜி. கிட்டப்பா அதில் பழகியவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாயிற்று. டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு வயது ஆறு. அந்தச் சிறுவனுக்காகவே அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள் என்பது புகழ்பெற்ற செய்தி.

பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களின் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. அடியும் உறக்கமின்மையும் அங்கே அன்றாடம். பையனுக்கு மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்தால் நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்தவன் ஓரத்துக்குப் போவான். குரலை மட்டும் நம்பிய தொழிலில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே ஓய்வு வந்துவிடும் அபாயம் இருந்தது. பாட்டோடு சொல் உச்சரிப்பையும் பாவத்தையும் சேர்த்துக் கற்றவர்களுக்கே உடைந்த தொண்டைக்குப் பிறகும் மேடை இருந்தது. அத்தகையவர்களில் ஒருவர் சண்முகம். 1940களில் முதிய ஒளவையாராக நின்று ‘அவ்வை’ என்ற அடைமொழியைப் பெற்றார்.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியதோடு பேச்சும் போயிற்று. குரல் கற்பித்தவருக்கு நேர்ந்த இந்த இழப்பை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்த நிலையிலும் குழுவை விட்டுப் பிரியவில்லை. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

அவர் பாடம் மட்டும் நிற்கவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்படுவர், ஒத்திகை கிடையாது. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இம்முறையில்தான் வள்ளி திருமணத்தில் எதிரெதிரே நின்று பாடினர். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் நாரதரும் வள்ளியும் அன்றிரவுதான் முதன்முதலாகச் சந்திப்பது உண்டு. இருவருக்கும் சுவாமிகளின் பாட்டு மனப்பாடம். ஹார்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் தர்க்கம் தொடங்கிவிடுகிறது.