மேசை ஒதுக்கீடு (கேளிக்கைப் பூங்கா உணவகங்கள்)

கவுன்ட்டரில் வாங்கி உண்ணும் பூங்கா உணவகங்களில், பணம் கட்டியவருக்கே இடம் கிடைக்கச் செய்யும் முறை. இம்முறை இல்லாத இடங்களில், நண்பகலில் குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர்கள் மேசை பிடித்துவிடுவார்கள். உணவு வருமுன்பே மேசை முடங்கும். சூடான தட்டோடு வருபவர் இடமின்றித் தவிப்பார். பல வேளைகளில் இருக்கைப் பற்றாக்குறையைவிட இந்த முன்பிடிப்பே நெரிசலுக்குக் காரணம்.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் 2014இல் திறக்கப்பட்ட ‘லீக்கி கால்ட்ரன்’ உணவகத்தின் முறை சிறந்தது. பணம் கட்டியதும் எண்ணிட்ட மெழுகுவர்த்தித் தாங்கி தருவார்கள். ஊழியர் மேசை காட்டுவார். உணவு அங்கேயே வரும். கைக்குழந்தையோடு வருவோருக்கு இது பெரும் ஆறுதல். அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2017இல் வந்த கைப்பேசி ஆர்டர் கவுன்ட்டர் வரிசையைக் குறைத்தது. மேசை தேடும் அலைச்சலை அது மட்டும் தீர்த்துவிடாது.